என்ன மாவில செய்தனீங்கள்?

"நாங்கள் சோறு தின்னுற சனம்தானே, உங்களுக்கு இதில என்ன கஷ்டம்?"

குளூட்டன் கூடாது என்று சொல்லுகிற ஒருவருக்கு எங்கட ஊரில் கிடைக்கிற முதல் பதில் இதுதான். கேட்கிற நேரம் சரிபோலத்தான் இருக்கும். பாணும் பாஸ்தாவும் சாப்பிடுகிற நாட்டுக்காரருக்குத்தான் இது தலையிடி, புட்டும் இடியப்பமும் அப்பமும் தோசையும் இருக்கிற எங்களுக்கு என்ன குறை என்ற நினைப்பு. இதை நாங்கள் மறுக்கிறோம். பாரிஸில் பாண் பாண்போலத்தான் இருக்கும். கண்டவுடனே விலகிப் போகலாம். யாழ்ப்பாணத்தில் இடியப்பம் இடியப்பம்போல இருக்கும், ஆனால் அது அரிசிமாவோ கோதுமை மாவோ, இரண்டும் கலந்ததோ என்பது பிழிஞ்ச ஆளுக்குத்தான் தெரியும். சோறு தின்னுற சனத்தின் கடையில்தான் கோதுமை ஒளிச்சிருக்கு.

எங்கட கூட்டத்தில் ஒருத்திக்குச் சீலியாக் நோய். அவளோட சேர்ந்து இரண்டு வருஷமாகக் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறோம். அந்த அலைச்சலில் இருந்துதான் இதை எழுதுகிறோம்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாக. கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் இருக்கிற புரதம்தான் குளூட்டன். சீலியாக் உள்ளவரின் உடம்பு அந்தப் புரதம் உள்ளே போனவுடனே தன்ர சிறுகுடலையே தாக்கத் தொடங்கும். குடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்சுகிற சின்னச் சின்ன விரல்கள் மாதிரியான பகுதிகள் தேய்ஞ்சு போகும். பேந்து எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. சிலருக்கு வயிற்றோட்டம், வயிறு ஊதல். சிலருக்கு வயிற்றில் ஒன்றுமே தெரியாது, மாறாத இரத்தச்சோகையும் களைப்பும் எலும்புத் தேய்வும்தான் வரும். உலக அளவில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்பது மருத்துவர்களின் கணக்கு. பக்கத்தில் வட இந்தியாவில், கோதுமை சாப்பிடுகிற மாநிலங்களில், இது நன்றாக அறியப்பட்ட நோய். இதற்கு மருந்து இல்லை. வாழ்நாள் முழுக்க அந்தத் தானியங்களைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். (சந்தேகம் உள்ளவர்கள் தாங்களாகவே கோதுமையை நிறுத்திப் பார்க்கக் கூடாது. முதலில் இரத்தப் பரிசோதனை செய்ய வேணும். நிறுத்தின பிறகு செய்தால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம்.)

"கொஞ்சம்" என்ற சொல்லையும் இங்கே பார்க்க வேணும். ஒரு உணவைக் குளூட்டன் இல்லாதது என்று சொல்ல, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவு நியமம். கோதுமை மாவில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குளூட்டன் இருக்கும் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், ஒரு தேக்கரண்டி கோதுமை மா பத்துக் கிலோ அரிசிமாவைக் கெடுக்கக் காணும். "ஒருக்காச் சாப்பிட்டா ஒண்டும் செய்யாது பிள்ளை" என்று அன்போட சொல்லுகிற அன்ரிமார் இந்தக் கணக்கை ஒருக்கால் போட்டுப் பார்க்க வேணும். கலியாண வீட்டில் கறி அள்ளிப் போடுகிற கரண்டியில் ஒட்டியிருக்கிற மாவே காணும்.

இன்னொரு கூட்டத்தையும் பிரித்து வைக்க வேணும். கொழும்பில் சில கபேக்களில் மெனுவில் "குளூட்டன் ஃப்ரீ" என்று போட்டிருக்கும். விலையும் இரண்டு மடங்கு. அது பெரும்பாலும் மெலிய விரும்புகிற ஆக்களுக்கான பலகை. பாதாம் மாவில் செய்த கேக்கை, கோதுமைக் கேக் வெட்டின அதே கத்தியால் வெட்டித் தந்தால் மெலிய வந்தவருக்கு ஒன்றும் ஆகாது. எங்கட சினேகிதிக்கு ஒரு கிழமை போய்விடும். இந்தப் பாஷனால் வந்த நன்மை, சிலருக்காவது அந்தச் சொல் தெரியும். வந்த தீமை, "ஆ, உந்த டயற்காரரோ" என்ற சிரிப்பு. உண்மையான நோயாளியும் அந்தச் சிரிப்புக்குள் மாட்டுப்படுகிறார்.

இனிக் கடைக்குள் போவோம்.

இடியப்பத்தைச் சொன்னோம். வெள்ளை இடியப்பம் என்றால் அவிச்சு அரிச்ச கோதுமை மாவாக இருக்கக் கூடிய சாத்தியம் பெரிது. சிவப்பு என்றால் அரிசிமா என்று நம்பிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு, ஆனால் அதிலும் ஒரு பங்கு கோதுமை மா சேர்ப்பது கடைகளில் சாதாரணம். புட்டும் அப்படித்தான். குரக்கன் புட்டு, குரக்கன் ரொட்டி என்று ஆரோக்கியமாக எழுதிப் போட்டிருப்பதிலும் பிடிமானத்துக்குக் கோதுமை மா விழும். அவிச்ச மா இலகுவாகச் செமிக்கும் என்று ஒரு நம்பிக்கை எங்கட சமையலில் இருக்கு. அவிச்சாலும் வறுத்தாலும் குளூட்டன் எங்கேயும் போகாது.

தோசையைப் பார்த்து ஏமாறாத ஆள் இல்லை. இந்தியாவில் இருந்து வருகிற குறிப்புகள் எல்லாம் சீலியாக்காரருக்குத் தோசை பாதுகாப்பு என்று சொல்லும். அரிசியும் உழுந்தும் மட்டும் அரைக்கிற தோசைக்கு அது சரி. யாழ்ப்பாணத்துத் தோசையில் உழுந்தோட கோதுமை மாவும் கரைப்பது பழைய பழக்கம். ஒரே பெயர், ஒரே வட்டம், உள்ளுக்குள் வேற சாமான். அப்ப மாவுக்குள் புளிப்புக்கும் மென்மைக்கும் பாண் துண்டை ஊறப்போட்டு அரைக்கிற ஆக்களும் இருக்கினம். உழுந்து வடைக்கு மா சேர்ப்பார்கள். பருத்தித்துறை வடைக்கும் முறுக்குக்கும் பெரும்பாலும் கோதுமை மா உண்டு. கடலை வடை உள்ளபடி பருப்புத்தான், ஆனால் அது பொரிஞ்ச எண்ணெயில் சற்று முன்தான் பாண்தூள் பிரட்டின ரோல்ஸும் கட்லட்டும் மிதந்திருக்கும். கோயிலில் தருகிற மோதகத்தின் தோலைக் கூட நம்ப ஏலாது.

இரவுக் கடைகளில் நிலைமை இன்னும் சிக்கல். கொத்துரொட்டி கூடாது என்று தெரிந்தவர் கெட்டித்தனமாக இடியப்பக் கொத்துச் சொல்லுவார். அந்த இடியப்பம் என்ன மா என்பது முதல் கேள்வி. அது முழு அரிசிமாவாகவே இருந்தாலும், அன்றிரவு முழுக்க ரொட்டி கொத்தின அதே தட்டில், அதே இரண்டு தகட்டால்தான் அதையும் கொத்துவார்கள். மேலால் விடுகிற சோயா சோஸிலும் பெரும்பாலும் கோதுமை இருக்கும். இந்தச் சோஸ் விஷயம் எங்கட ஆக்களுக்குத் துப்புரவாகத் தெரியாது. பிறைட் றைஸ் சோறுதானே என்று சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் படுக்கிறதுக்குக் காரணம் சோறு இல்லை, அதன் நிறம். டெவல் சிக்கினில் கோழியைப் பிரட்டிப் பொரித்த மா சோள மாவோ, கோதுமை மாவோ, இரண்டும் கலந்ததோ என்று சமைத்தவருக்கே சிலவேளை தெரியாது. வாளியில் வெள்ளையாக ஒரு மா இருக்கும், அவர் அதில் அள்ளியிருப்பார்.

குடிக்கிறதிலும் கவனம் வேணும். நெஸ்ரமோல்ட், மைலோ எல்லாம் பார்லி மோல்ட். ஹோர்லிக்ஸில் கோதுமையும் உண்டு. மாமைற்றும் வேண்டாம். பிளேன்ரீயும் இஞ்சித் தேத்தண்ணியும் இளநியும் போதும். இதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை.

மத்தியானச் சோற்றுப் பார்சல்தான் எங்கட நாட்டில் ஓரளவுக்கு நம்பக் கூடிய வெளிச் சாப்பாடு. சோறு, பருப்பு, மரக்கறி, மீன்குழம்பு, சம்பல், சொதி. இதில் எதுக்கும் மா தேவையில்லை. பார்சலில் விலக்க வேண்டியது சோயா மீற், கட்லட், அப்பளம், பொரியல். சோயா மீற்றின் பைக்கற்றைப் பார்க்காமல் நம்பக் கூடாது, கட்லட்டில் பாண்தூளே இருக்கும், மற்ற இரண்டும் எண்ணெயால் கெடுகிறவை. அதோட, குழம்பு தடிக்க மா கரைச்சு விட்டவையோ என்றும் ஒருக்கால் கேட்க வேணும். ஒடியல் கூழ் கிடைத்தால் அதிர்ஷ்டம். பனையில் குளூட்டன் கிடையாது.

இவ்வளவு கோதுமை எங்கட அடுப்புக்குள் எப்ப வந்தது? அம்மம்மாமாரைக் கேளுங்கோ. இன்றைக்கும் அதை "அமெரிக்கன் மா" என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கா தன்ர மிச்சக் கோதுமையை உணவு உதவி என்ற பெயரில் அனுப்ப 1954 இல் ஒரு சட்டம் போட்டது. அந்த வழியால் இலங்கைக்கும் மா வந்தது. எழுபதுகளின் அரிசித் தட்டுப்பாட்டில் சனம் பாணுக்கு வரிசையில் நின்றது. 1980 இல் திருகோணமலையில் பிரிமாவின் பெரிய மா ஆலை ஓடத் தொடங்கினது. கோதுமை விளையாத நாடு கோதுமையைத் தானே அரைக்கத் தொடங்கினது. எங்கட பக்கத்தில் இதுக்குப் போரின் கணக்கும் இருக்கு. 2009 இல் முகாம்களுக்குள் உலக உணவுத் திட்டம் கொடுத்த உலருணவில் அரிசியோட கோதுமை மாவும் இருந்தது. எது தந்தாலும் சாப்பிட்டால்தான் உயிர் என்ற காலத்தில், அதைச் சாப்பிட ஏலாத உடம்போட எத்தனை பேர் அந்த வேலிக்குள் இருந்திருப்பார்கள் என்று யோசித்தால் எங்களுக்கு மேலே எழுத வருகுதில்லை.

நெதர்லாந்தில் நடந்தது இதுக்கு நேர் எதிர். வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் 1930களிலேயே கோதுமையைச் சந்தேகப்பட்டிருந்தார். 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் இல்லாமல் போக, சீலியாக் பிள்ளைகள் தேறினதையும், பாண் திரும்பி வர அவர்கள் திரும்ப நோயில் விழுந்ததையும் கண்டு அந்தச் சந்தேகம் உறுதியானது. 1950 இல் அதை ஆய்வேடாக எழுதினார். அங்கே பஞ்சத்தில் கோதுமை மறைஞ்சது, நோய் பிடிபட்டது. இங்கே பஞ்சத்தோடதான் கோதுமை வந்தது.

வந்தது மட்டும் இல்லை, பெயரையும் பிடித்துக்கொண்டது. அரிசிமாவுக்கு அரிசிமா என்று சொல்ல வேணும், குரக்கன் மாவுக்குக் குரக்கன் மா என்று சொல்ல வேணும். கடையில் போய் "மா ஒரு கிலோ தாங்கோ" என்றால் தருவது கோதுமை மாதான். முன்பெயர் இல்லாமல் நிற்கிற மா அதுதான். இந்த மொழிச் சிக்கல் கடையில் நேரடியாக வந்து இடிக்கும். "இதில மா இருக்கோ?" என்று கேட்டால் ஒருவர் "மா இல்லாமல் இடியப்பமோ?" என்று சிரிப்பார். இன்னொருவர் "மா போடேல்லை" என்பார், ரவை போட்டிருப்பார். ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பது கனபேருக்குத் தெரியாது. அதால் "குளூட்டன் இருக்கோ" என்று கேட்டுப் பிரயோசனமே இல்லை. பொய் சொல்ல அவர்களுக்கு ஒரு தேவையும் இல்லை. கேள்வி அவர்களைப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இப்ப எங்கட முக்கியமான வாதத்துக்கு வருவோம். "தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனி எண்ணெய் எல்லாம் எங்கட கடைகளுக்கு ஒத்து வராது, அது வெள்ளைக்காரன்ர கதை" என்று சொல்லுகிறவர்களைக் கேட்கிறோம்: வெள்ளிக்கிழமையில் உங்கட வீட்டுக் குசினியைப் பார்த்ததில்லையோ? மச்சச் சட்டி வேற, மரக்கறிச் சட்டி வேற. மச்சம் துழாவின அகப்பையைச் சைவக் கறிக்குள் விட்டால் அம்மா அந்தக் கறியையே திரும்பச் சமைப்பா. கந்தசஷ்டிக்கு வீட்டையே கழுவுகிறோம். சைவக்கடை என்று பலகை போட்டால் அதுக்குள் ஒரு முட்டைகூடப் போகாது. முஸ்லிம் சகோதரர்களின் கடையில் ஹலால் என்றால் ஹலால்தான், அதை ஒருவரும் டயற் என்று சிரிப்பதில்லை. ஒரு சாமான் இன்னொன்றில் "படக்கூடாது" என்ற எண்ணம் எங்களுக்குப் புதிசே இல்லை. உலகத்தில் சில நாடுகள் பயிற்சி வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுக்கிற விஷயம், எங்கட குசினியில் அம்மம்மா காலத்தில் இருந்தே இருக்கு. சாமிக்காக இரண்டு சட்டி வைக்கத் தெரிந்த சனத்துக்கு ஒரு பிள்ளையின்ர குடலுக்காக வைக்கத் தெரியாது என்றால் நாங்கள் நம்ப மாட்டம்.

(அந்தப் படக்கூடாது என்ற எண்ணத்தை நாங்கள் மனிசருக்கு மேலயும் பாவிச்சிருக்கிறோம் என்பதும் தெரியும். தேத்தண்ணிக் கடையில் ஆருக்கு எந்தக் குவளை என்று பிரித்த ஊர் இது. சட்டியைப் பிரிக்கச் சொல்லுகிறோம், ஆளை இல்லை.)

கடைக்காரரின் பக்கமும் இருக்கு. சின்னக் கடைக்கு ஒரே தாச்சி, ஒரே கல்லு, இரண்டு ஆள். எண்ணெய் விலையும் காஸ் விலையும் 2022 இல் எங்கே போய் நின்றது என்று எல்லாருக்கும் தெரியும். அவர்களிடம் குளூட்டன் இல்லாத மெனு கேட்க எங்களுக்கு மனமில்லை, கேட்கவும் இல்லை. எங்களுக்கு வேண்டியது உண்மையான பதில் ஒன்று. "இதில கோதுமை மா இருக்கு, சாப்பிடாதேங்கோ" என்பதும் நல்ல பதில்தான். ஒரு கடையில் பரிமாறின தம்பி "அரிசிமாதான் அக்கா" என்று அடிச்சுச் சொல்லிவிட்டார். நாங்கள் பேசினது உள்ளுக்குக் கேட்டிருக்க வேணும், சமைக்கிற ஐயா கையைத் துடைச்சுக்கொண்டு வெளியில் வந்தார். "தம்பி சொன்னது அரைவாசி சரி. அரிசிமாதான், ஆனா பிழிய லேசா இருக்கவெண்டு ஒரு சுண்டு கோதுமை மா போடுறனாங்கள். பிள்ளைக்குக் கூடாதெண்டால் வேண்டாம்." இரண்டு இதரை வாழைப்பழம் தந்து காசும் வாங்கவில்லை. எங்கட சினேகிதி அன்று அங்கே ஒன்றும் சாப்பிடவில்லை, ஆனால் அவளுக்கு மிகவும் பிடித்த கடை இப்ப அதுதான். மற்றப் பக்கம், "எல்லாம் சரி, பயப்பிடாமச் சாப்பிடுங்கோ" என்று சிரிச்ச முகத்தோட சொன்ன இடங்களில்தான் அவள் படுத்திருக்கிறாள்.

லண்டனைப் பாருங்கோ. ஐரோப்பாவில் 2014 டிசம்பரில் இருந்து, பொதி செய்யாத சாப்பாடு விற்கிற கடைகளும் 14 ஒவ்வாமைப் பொருட்கள் பற்றிக் கேட்கிறவருக்குச் சொல்ல வேணும் என்பது சட்டம். குளூட்டன் உள்ள தானியங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு வெளியேறின பிறகும் அங்கே அந்த விதி இருக்கு. எங்கட ஆக்கள் ஈஸ்ற்ஹாமிலும் ரூற்றிங்கிலும் நடத்துகிற கொத்துக் கடைகளும் அதுக்குள்தான் வரும். அதே அண்ணாக்கள், அதே ரொட்டி, அதே தட்டு. அங்கே பதில் சொல்ல முடியுமென்றால் இங்கே ஏலாது என்பது திறமைப் பிரச்சினை இல்லை. ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இத்தாலி 2005 இல் போட்ட சட்டம் இன்னும் ஒரு படி மேல. பள்ளிக்கூட, ஆசுப்பத்திரி, அரசாங்கச் சாப்பாட்டுக்கூடங்களில் சீலியாக் உள்ளவர் கேட்டால் குளூட்டன் இல்லாத சாப்பாடு கொடுக்க வேணும். பாஸ்தாவின் நாட்டில் அது நடக்குது.

அதால் எங்கட கோரிக்கை பெரிசு இல்லை. வடக்கில் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவோட பெண்கள் நடத்துகிற அம்மாச்சி உணவகங்கள் இருக்கு. உள்ளூர்ச் சாப்பாட்டுக்கென்று வந்த இடம், கண்ணுக்கு முன்னால் சமைக்கிற இடம், ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனி அடுப்பு உள்ள இடம். அங்கே ஒரு அடுப்பை, ஒரே ஒரு அடுப்பை, அரிசி, குரக்கன், ஒடியல், உழுந்து, பயறு மட்டும் தொடுகிற அடுப்பாக விட்டால் என்ன? தனிக் கல்லு, தனித் தாச்சி, தனி மா வாளி. புது மெஷின் ஒன்றும் தேவையில்லை. அரிசியை இடிக்கிற மில்லில் மட்டும் கவனம் வேணும், ஏனென்றால் முதல் ஆள் சத்துமாவுக்குக் கோதுமை அரைச்சிருந்தால் அடுத்த ஆளின்ர அரிசிமாவிலும் அது வரும். சுகாதாரப் பரிசோதகர்கள் கடைக்காரருக்குக் கை கழுவுறதும் தண்ணியும் பற்றிச் சொல்லுகிற நேரம், இதையும் இரண்டு வசனத்தில் சொல்லலாம்.

கடைகளைவிடக் கஷ்டமான இடம் விருந்து வீடு. கடையில் "வேண்டாம்" என்றால் ஒருவரும் கோவிக்க மாட்டார்கள். கலியாண வீட்டில் கோவிப்பார்கள். "எங்கட வீட்டுச் சாப்பாடு பிடிக்கேல்லையோ" என்பது எங்கட ஊரில் சின்னக் கேள்வி இல்லை, அதுக்குப் பின்னால் சாதி, அந்தஸ்து, பழைய கோவம் எல்லாம் நிற்கும். இதால் நோயைச் சொல்லித் தப்பலாம் என்றால் அதுக்கும் வீட்டில் தடை. கலியாணம் பேசுகிற வயதில் இருக்கிற பெண்பிள்ளைக்கு "ஒரு வருத்தம்" என்று ஊருக்குத் தெரியக்கூடாதாம். அதால் "இண்டைக்கு விரதம்" என்று பொய் சொல்லச் சொல்லித் தருகிற தாய்மார் இருக்கினம். விரதம் என்றால் எல்லாரும் மரியாதையோட விலகுவார்கள். வருத்தம் என்றால் விசாரிப்பார்கள். எங்கட சினேகிதி இந்தப் பொய்யைச் சொல்ல மாட்டன் என்று நிற்கிறாள். வீட்டில் அதால் சண்டையும் வந்திருக்கு. நாங்கள் அவளின்ர பக்கம். ஒரு பிள்ளை சாப்பாட்டுக்கு முன்னால் பொய் சொல்ல வேண்டி வந்தால் வெட்கப்பட வேண்டியது அந்தப் பிள்ளை இல்லை.

வெளியில் சாப்பிடப் போகிற சினேகிதருக்கும் ஒரு வேலை இருக்கு. கேள்வி கேட்கிற பாரத்தை எப்பவும் நோயாளியின் தலையில் போடாதேங்கோ. ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு தரமும் தன்ர குடலைப் பற்றி அந்நியருக்கு விளக்குறது எவ்வளவு களைப்பு என்று யோசியுங்கோ. நீங்கள் கேளுங்கோ. கடை திறந்த கையோட, தட்டும் எண்ணெயும் புதிசாக இருக்கிற நேரத்தில் போங்கோ. இரவு ஒன்பது மணிக் கொத்துச் சத்தத்துக்குள் ஒருவருக்கும் பதில் சொல்ல நேரம் இராது. பரிமாறுகிறவரை விட்டுச் சமைக்கிறவரிடம் கேளுங்கோ. "கோதுமை மா" என்று முழுப் பெயர் சொல்லுங்கோ. கொழும்பில் சிங்களக் கடை என்றால் "திரிங்கு பிட்டி" கோதுமை மா, "ஹால் பிட்டி" அரிசிமா. இந்த இரண்டு சொல்லும் காணும். பதில் சந்தேகமாக இருந்தால் எல்லாருமே எழும்பி வேற கடைக்குப் போங்கோ, அவளை மட்டும் பிளேன்ரீயோட இருத்தி வைச்சுவிட்டு நீங்கள் கொத்துச் சாப்பிடாதேங்கோ.

நாங்கள் கைபேசியில் எழுதி வைத்துக் கடைகளில் காட்டுகிற வசனங்களைக் கீழே தருகிறோம். தேவையானவர்கள் எடுத்துப் பாவியுங்கோ, உங்கட ஊர்ப் பேச்சுக்கு ஏற்ற மாதிரி மாத்துங்கோ.

"எங்களில ஒராளுக்குக் குடல் வருத்தம் இருக்கு. கோதுமை மா, ஆட்டா மா, ரவை, சேமியா, பாண்தூள், பார்லி, சோயா சோஸ் துளி பட்டாலும் கூடாது. இது என்ன மாவில செய்தனீங்கள்? வேற மா ஏதும் கலந்ததோ? கோதுமை மா பட்ட கல்லு, கரண்டி, எண்ணெய் இதுக்கும் பாவிச்சனீங்களோ? தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லுங்கோ. நாங்கள் கோவிக்க மாட்டம்."